உயிரோடிருப்பவளுக்கு ஒரு மெழுகுச் சிலுவை

சென் லோரான் கைதிக் குடியேற்றம், மரோனி ஆற்றங்கரை
9 மார்ச் 1891

அன்னிக் அக்காவுக்கு,

கொரந்தன் எழுதுவது. இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கப்போகும் உங்கள் இல்லத் தலைவி மதருக்கும் வணக்கம். எனக்கு நயமாக எழுத வராது. பொறுத்துக்கொள்ளட்டும்.

சிடோனி போய்விட்டாள். உன் மடத்திலிருந்து நீ கட்டிக்கொடுத்தாயே, அதே சிடோனி. வியாழக்கிழமை மத்தியானம் புருஷன் பூர்தலேயின் குடிசையிலிருந்து துணி துவைக்கப் போனவள் திரும்பவில்லை. ஆற்றங்கரைக் கல்லின் மேல் அவள் பாவாடையும், மடத்தில் கொடுத்த நீலத் துண்டும் மடித்து வைத்தபடி இருந்தன. மேலே சவுக்காரக் கட்டி. தண்ணீர் கொண்டுபோய்விட்டது என்று காவலர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

தேடுவதற்கு என் நீராவிப் படகைத்தான் எடுக்கச் சொன்னார்கள். தலைமைக் காவலன் மக்கே, முன்பக்கம் உட்கார்ந்து கரையோர வேர்களைக் கொக்கியால் கிளறிக்கொண்டே வந்தான்.

"ஏன்டா மெக்கானிக், மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டிருக்க? உன் பொண்டாட்டியா போனா?"

"கொக்கிய ஒழுங்காப் பிடி. சுழலியில மாட்டுச்சுன்னா நீதான் குதிச்சு எடுக்கணும்."

"பெத்த பிள்ளையக் கிணத்துல போட்டவ. தண்ணி தன் பாக்கிய வாங்கிக்கிச்சு. இதுக்குப் போய் கரிய எரிச்சுக்கிட்டு."

நான் அவனை அடிக்கவில்லை. சுக்கானுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

உடல் கிடைக்கவில்லை. கிடைக்காது. இந்த ஆறு எதையும் திருப்பிக் கொடுத்ததில்லை.

இப்போது நேராகவே கேட்கிறேன். மடத்துத் தோட்டத்தில் நாலு தூண் வைத்து ஒரு மண்டபம் கட்டியிருக்கிறீர்களே, தண்டனை முடிந்து நிலம் வாங்கிய எவனும் வந்து பெண் கைதிகளில் ஒருத்தியைக் கைகாட்டி அரைமணி நேரம் பேசிவிட்டுக் கட்டிக்கொண்டு போகலாம் என்று, அங்கே செபமாலை உருட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நீதானே? நான் அன்றைக்கு உங்கள் பம்ப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பூர்தலே அவளைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவன் பார்வை. உன்னிடம் சொன்னேன். "நீ பம்ப்பைப் பார்" என்றாய்.

அவன் அவளை ரம்முக்கு வாடகைக்கு விட்டான். ஊருக்கே தெரியும். அவள் ஒரு தடவை ஓடிவந்து மடத்துக் கதவைத் தட்டினாள். புருஷன் வீட்டுக்குப் போ என்று திருப்பி அனுப்பினீர்கள். அப்போதும் நீ இங்கேதான் இருந்தாய். அதற்கப்புறம்தான் கயேனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாய்.

ஆறுதலுக்காக எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

கொரந்தன்

*

கயேன், மருத்துவமனைக் கன்னியர் இல்லம்
17 மார்ச் 1891

என் பிரியத் தம்பிக்கு,

காய்ச்சல்காரர்களுக்கு நான் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது உன் கடிதம் வந்தது. மதர் அதைப் பிரித்தபடியே என் கையில் கொடுத்து, "உங்க தம்பி ரொம்ப மரியாதைக்காரர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். படித்து முடித்தபோது கஞ்சி ஆறிப்போயிருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

நீ எழுதியது எதையும் நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. பூர்தலே பேசி முடித்துப் போனபிறகு நான் அவளிடம், "யோசிச்சுச் சொல்லும்மா, அவன் நல்லவனான்னு நமக்குத் தெரியாது" என்றேன். அவள் சிரித்தாள். "நல்லவனான்னு நான் கேக்கல சிஸ்டர். அவன் வீட்டுக் கதவு வெளிப்பக்கம் தொறக்குமா? அத மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க" என்றாள். மடத்தில் எல்லாக் கதவுகளும் கைதிகளை உள்ளே வைத்துப் பூட்டியவை. அதனால்தான் சரி என்றேன். பிறகு அவள் ஓடிவந்து தட்டியபோது கதவைச் சாத்தச் சொன்னது நானல்ல. சாத்திய கை மட்டும் என்னுடையது.

அவளுக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது என்று உனக்குத் தெரியுமோ? முகம் கழுவக்கூட வாளியைப் பார்க்காமல் கையை விடுவாள். அதற்குள்ளிருந்து அழுகை கேட்கிறது என்பாள். அப்படிப்பட்டவளை அந்த ஆறு எப்படிக் கூப்பிட்டுக் கொண்டுபோயிருக்கும் என்று நினைத்து நினைத்து என்னால் இருக்க முடியவில்லை.

எனவே நாம் பிறந்த தீவில் செய்வதைச் செய்தேன். கடல் கொண்டுபோய் உடல் திரும்பாதவர்களை நாம் எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவோமோ, அப்படி. பீடத்து மெழுகுத் துண்டுகளை உருக்கி, விரல் நீளத்தில் ஒரு சிலுவை செய்து, வெள்ளைத் துணி விரித்து வைத்து, அவள் பெயரைச் சொல்லி, பிணத்தருகே இருப்பதுபோல் அருகே இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கி ஞாயிறு பூசை மணி வரை. மற்றக் கன்னியர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும் கூட உட்கார்ந்தார்கள். சாமியார் மந்திரித்துக் கொடுத்தார். சிலுவை இப்போது சிற்றாலயத்து மாடத்தில் இருக்கிறது. இது மதரின் மனதைத் தொட்டுவிட்டது. உங்கள் ஊர்த் தளபதிக்கே விவரமாக எழுதிவிட்டார்கள்.

நம் ஊர் ப்ரொயெல்லாச் சடங்கு இல்லாமல் அவள் அலையக்கூடாது, தம்பி. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

கம்பளிச் சட்டையை மழைக்காலம் முடியும்வரை கழற்றாதே.

உன் அன்னிக்

*

சென் லோரான்
28 மார்ச் 1891

அக்கா,

இதை மதர் படிக்கப்போவதில்லை. லெபெர் நேராக உன் கையில் தருவான். தபால் கப்பலில் கரி தள்ளுகிறானே, நம் தீவுக்காரன், சின்ன வயதில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு மீன் சந்தை முழுக்கச் சுற்றியவன். படித்ததும் அடுப்பில் போடு. இனிமேல் எல்லாமே அவன் வழியாகத்தான்.

சிடோனி உயிரோடு இருக்கிறாள்.

நாளை உயிர்ப்புத் திருநாள். நீ கிடத்தியவள் ஒரு நாள் முன்னதாகவே எழுந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்.

ஆற்று நடுவில் தொழுநோயாளர் தீவு இருக்கிறதல்லவா? அவர்களுக்கு மாவும் ரம்மும் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. காவலர் யாரும் அங்கே கால் வைப்பதில்லை. மக்கே மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு படகின் கடைசி மூலையில் உட்கார்ந்துகொள்வான். மூட்டையை நான்தான் சுமக்க வேண்டும். அங்கே பபேன் என்று ஒரு கிழவன். ஒரு காலத்தில் கள்ள நோட்டு அடித்தவன், இப்போது விரல்களே இல்லை. மூட்டையைக் குடிசைக்குள் வைக்கும்போது மெதுவாகச் சொன்னான்:

"மெக்கானிக் ஐயா, நம்ம வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்திருக்கு. உங்களத் தெரியும்னு சொல்லுது. கத்திறாதீங்க, எனக்கு நெஞ்சு பலவீனம்."

திரைக்குப் பின்னால் அவள் நின்றாள். ஆண் சட்டை, வெட்டிய முடி.

"பம்ப் மெக்கானிக்குதான நீங்க?"

"ஆமா."

"அது இப்பவும் ஒழுகுது. நீங்க சரி பண்ணவே இல்ல."

பதினெட்டு கருவிகளோடு வந்து நான் மாட்டிவிட்டுப் போன பம்ப். சாவு வீட்டிலிருந்து எழுந்து வந்தவள் முதலில் அதைத்தான் சொன்னாள்.

"தண்ணியக் கண்டா பயப்படுவியாமே. எப்படி வந்த?"

"துணியத் தலையோட போத்திக்கிட்டு ஓடத்துல குப்புறப் படுத்துட்டேன். பபேன் ஐயா கையப் பிடிச்சுக்கிட்டேன்."

"கையா அது?" என்று பபேன் வெளியிலிருந்து சிரித்தான். "கட்டையப் பிடிச்சுக்கிட்டு வந்தேன்னு சொல்லு."

இந்தத் தீவுக்காரர்கள் ரகசியமாக ஓடம் குடைந்து, ஓடிப்போகிறவர்களுக்கு விற்கிறார்கள். அவளிடம் எதுவும் வாங்கவில்லையாம். அடுப்பு மூட்டத் தெரிந்த பத்து விரல் வீட்டில் இருக்கிறதே, அது போதும் என்றான்.

உடனே அக்கரைக்கு ஏன் போகவில்லை என்று கேட்பாய். அக்கரை டச்சுக்காரன் சும்மா இருப்பவன் இல்லை. ஓடிப்போனவர்களின் பெயரும் அங்க அடையாளமும் எங்கள் நிர்வாகத்திலிருந்து அவனுக்குப் போகும். பிடித்துத் திருப்பி அனுப்புவான். செத்தவர்களின் பெயரை மட்டும் அனுப்பமாட்டார்கள். அவள் பெயர் இன்னும் "காணவில்லை" என்றே இருக்கிறது.

இங்கேதான் உன் சிலுவை ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. மதர் எழுதிய கடிதத்தைத் தளபதி எல்லோருக்கும் படித்துக் காட்டுகிறார். பூர்தலேயும் அலுவலக வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "ஐயா, நான் தாரமிழந்தவன். மண்டபத்துல வேற ஒருத்தியப் பாக்க அனுமதி குடுங்க." வெட்கங்கெட்டவன். ஆனால் நமக்கு அவன் அவசரம் உதவும். செத்தாள் என்று எழுதிவிட்டால் அவள் தப்பித்தாள்.

ஆகவே உன் சிலுவை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். இந்த மாதிரிச் சமாசாரங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று உனக்குத் தெரியும். வேலை செய்கிற கருவியை நான் குறை சொல்லமாட்டேன்.

கொரந்தன்

*

கயேன்
5 ஏப்ரல் 1891

கொரந்தன்,

உயிரோடிருக்கும் ஒருத்தியை நான் கிடத்திவிட்டேன்.

அவள் உயிரோடு இருப்பது என் சந்தோஷம். முழங்காலில் விழுந்து நன்றி சொன்னேன்.  ஆனால் ஒன்றை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

இங்கே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே அடங்கிவிடும். சன்னல் கதவெல்லாம் சாத்தி, நோயாளிகள் உறங்கி, ஈ பறக்கிற சத்தம்கூடக் கேட்காது. சிலுவை வைத்த மறுநாள் அந்த நேரத்தில் கூடத்தின் கோடியில் தரை ஈரமாக இருந்தது. யாரோ வாளியைக் கொட்டிவிட்டார்கள் என்று துடைத்தேன். அடுத்த நாளும் ஈரம். ஆற்றுச் சேற்றின் வாடை. கூடத்துக்குள் ஆற்றுச் சேறு எங்கிருந்து வரும்? மூன்றாம் நாள் அவளே நின்றாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு, தலைமுடியிலிருந்து சொட்டச் சொட்ட, மடித்த துணியை மார்போடு அணைத்தபடி. அன்றுமுதல் தினமும் வருகிறாள். மிரட்டவில்லை, அழவில்லை. காத்திருக்கிறாள். கூப்பிட்டீர்களே, வந்துவிட்டேன், எங்கே படுக்கட்டும் என்று கேட்பதுபோல.

அலைகிற ஆத்துமா என்று நினைத்து அவளுக்காக மன்றாடிக்கொண்டிருந்தேன். இப்போது தெரிகிறது. அவள் செத்து வரவில்லை. நான் இழுப்பதால் வருகிறாள்.

நீ சிரிப்பாய். பெயர் சொல்லி வைத்த சிலுவை ஆளைக் கேட்டுக்கொண்டே இருக்கும் என்று நம் தீவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தானே நம் பெண்கள் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள்? கப்பலின் கடைசிப் பலகையும் கரை ஒதுங்கி, எல்லா நம்பிக்கையும் தீர்ந்த பிறகே மெழுகைத் தொடுவார்கள். நான் காத்திருக்கவில்லை. உன் கடிதம் வந்த அன்றே அடுப்பில் மெழுகை வைத்தேன். உன் கோபத்தைப் படித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

அவள் எப்படி இருக்கிறாள்? உண்மையைச் சொல். நான் சிலுவை வைத்த சனிக்கிழமைக்குப் பிறகு உடம்புக்கு ஏதாவது வந்ததா?

நான் மதரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் சிலுவையை எடுத்து உருக்கிவிடப் போகிறேன். உன் பதிலுக்கு மட்டும் காத்திருக்கிறேன். நீண்ட நாள் முடியாது.

அன்னிக்

*

சென் லோரான்
14 ஏப்ரல் 1891

அக்கா,

எதையும் தொடாதே. மதரிடம் ஒரு வார்த்தை பேசாதே. முதலில் இதைப் படி.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், அவளுக்குக் காய்ச்சல். இங்கே எல்லோருக்கும் காய்ச்சல். எனக்குக் காய்ச்சல், மக்கேவுக்குக் காய்ச்சல், தளபதியின் நாய்க்குக்கூட. கொய்னா மருந்து கொடுத்திருக்கிறேன். வேலை செய்ய நேரம் எடுக்கும்.

நேற்று மூட்டை இறக்கப் போனபோது அவள் துணிக்கொடியால் தன் இடுப்பைக் கட்டில் காலோடு கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். வாசலில் குறுக்கே கால் இல்லாத ஒருவன் கட்டைபோல் கிடந்தான். காவலாம். "தாண்டிப் போனா நான் முழிச்சுக்குவேன்ல" என்றான்.

"என்ன கூத்து இது?" என்றேன்.

"சாயங்காலமானா எந்திரிச்சு ஆத்துக்குப் போகுதுங்க" என்றான் பபேன். "தண்ணியக் கண்டா அலறுற பொண்ணு, இடுப்பு முட்டும் எறங்கி நிக்குது. ரெண்டு தடவ இழுத்துட்டு வந்தோம். எங்க கையில பிடிமானம் கம்மி, பாத்துக்கிட்டீங்களா."

அவளிடம் கேட்டேன். உதடு வெடித்திருந்தது.

"யாரோ என் பேரச் சொல்றாங்க. பிள்ள சத்தம் இல்ல இது. அது நின்னு போச்சு. இது பெரியவங்க கொரலு."

"யாரும் சொல்லல. காய்ச்சல்."

"பாசமாச் சொல்றாங்க, அதான் கஷ்டம். திட்டிக் கூப்பிட்டா நான் போகமாட்டேன். என்னை யாரு இதுவரைக்கும் அப்படிக் கூப்பிட்டிருக்கா?"

என்றைக்குத் தொடங்கியது என்று கேட்டேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலமாம். அது தற்செயல். சனிக்கிழமை எல்லா வாரமும் வருகிறது. காய்ச்சல் எப்போது வேண்டுமானாலும் வரும். இரண்டையும் கோர்த்து மாலை கட்டுவது உன் பழக்கம், என் பழக்கமல்ல. உன் சிலுவையைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த கப்பலில் இங்கிருந்து ஒரு எழுத்தர் உன்னிடம் வருகிறான். மடத்தில் அவளைத் தெரிந்தவள் நீ, விழித்திருந்தவளும் நீ. அதனால் உன் வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டு சாவைப் பதிந்துவிடலாம் என்று தளபதி முடிவு செய்திருக்கிறார். நீ கையெழுத்துப் போட்டால் அவள் பெயர் டச்சுக்காரனிடம் போகாது. அக்கரையில் ஒரு பாதிரியார் வீட்டில் துவைக்க ஆள் தேடுகிறார்கள், அங்கே போய்வருகிற ஓடக்காரன் ஒருவனைப் பபேனுக்குத் தெரியும்.

நீ சிலுவையை உருக்கினால் மதர் ஏன் என்று கேட்பார்கள். நீ பொய் சொல்லத் தெரியாதவள். அன்றே தேடல் தொடங்கும். மக்கே இப்போதே, "அந்த அழுகல் பசங்களுக்கு மாவு எப்படிடா பத்தல?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். பிடிபட்டால் இருட்டறை, விலங்கு. வெளியே வந்ததும் சட்டப்படி பூர்தலே வீடு. அதற்கப்புறம் உன் சிலுவைக்கு வேலை மிச்சம். அவளே ஆற்றுக்குப் போய்விடுவாள்.

கதவைத் தட்டியவளை ஒரு முறை நீ திருப்பி அனுப்பியிருக்கிறாய். இன்னொரு முறை செய்யாதே.

கொரந்தன்

*

கயேன்
24 ஏப்ரல் 1891

என் தம்பிக்கு,

எழுத்தர் வந்தார். பருத்த மனிதர், பாவம், படி ஏறி மூச்சு வாங்கியது. மதர் பக்கத்தில் இருந்தார்கள்.

"அந்தப் பொண்ணு செத்துப்போச்சுன்னு நீங்க நம்புறீங்களா சிஸ்டர்?"

"அவளுக்காக நான் முழிச்சிருந்து, சாவுச் செபம் சொல்லி, சிலுவை வெச்சேன் ஐயா."

"உங்க ஊர்ல உயிரோட இருக்கிறவங்களுக்கு இப்படிச் செய்வீங்களா?"

"இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்ல."

"அது போதும்" என்று மையைத் தொட்டுக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். பொய் சொல்லவில்லை. உண்மையும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்க ஒரு இடம் இருக்கிறது, தம்பி. அங்கே குளிர்கிறது.

நீ சொன்னபடி சிலுவையை உருக்கவில்லை. எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருக்கிறது, இனி எடுக்கவும் முடியாது. ஆனால் அவள் பெயரை அதில் விட்டுவைக்கவும் முடியாதே. நீ எழுதினாயே, பாசமாக யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் சொன்னதாக. அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். அதைப் படித்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மந்திரித்த சிலுவை வெறுமையாக இராது. யாராவது ஒருவர் அதில் இருந்தாக வேண்டும். புதன்கிழமை மத்தியான ஓய்வு நேரத்தில் அதைக் கையில் எடுத்து, அவள் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வேறு பெயர் சொல்லி வைத்தேன். யார் பெயர் என்று கேட்காதே. கொடுக்க எனக்கு உரிமையுள்ள பெயர் ஒன்றுதான் இருந்தது.

நான் கூடத்துக்குத் திரும்பியபோது தரை உலர்ந்திருந்தது. அவள் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

இங்கே மஞ்சள் காய்ச்சல் தலைகாட்டியிருப்பதால் சிலரைத் தனியாகத் தீவுத் திட்டுக்கு அனுப்புகிறார்கள். அவர்களோடு நானும் படகில் போய்வர வேண்டியிருக்கும். சின்னப் படகில் உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று! கடல் நம் ஊர்க் கடல் நிறமில்லை, காப்பி நிறம். இருந்தாலும் கடல்தானே.

அவள் அக்கரை போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுது. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அன்னிக்

*

சென் லோரான்
6 மே 1891

அக்கா,

போய்ச் சேர்ந்துவிட்டாள்!

வரிசையாகச் சொல்கிறேன். காய்ச்சல் இறங்கிவிட்டது. கொடியை அவிழ்த்துப் போட்டுவிட்டு மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டாளாம். சாவைப் பதிந்தாயிற்று. பூர்தலே கறுப்புத் துணியைக் கையில் கட்டிக்கொண்டு மண்டபத்தில் போய் உட்கார்ந்தும் விட்டான். இந்த முறை பம்ப் பழுதுபார்க்க நான் போகவில்லை. போயிருந்தால் குறடு கையில் இருந்திருக்கும்.

போன வாரம் நல்ல மழை. பகலிலேயே அக்கரை தெரியாத மழை. ஆற்று நடுவில் போகும்போது நான் அடைப்பிதழைத் திறந்து மொத்த நீராவியையும் வெளியே விட்டேன். படகைச் சுற்றி வெள்ளைப் படுதா.

"என்னடா ஆச்சு?" என்று மக்கே கத்தினான்.

"பாய்லர் வெடிக்கப் போகுது. பின்பக்கம் போய்ப் படு."

படுத்தான். கண்ணையும் மூடிக்கொண்டான். அந்த நேரத்தில் எங்களுக்குப் பின்னால் ஓடம் போனது. எனக்கு மட்டும் ஒரு கணம் தெரிந்தது. அவள் தலையைப் போர்த்திக்கொள்ளவில்லை. ஓடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை நேராகப் பார்த்துக்கொண்டு போனாள்.

முந்தின நாள், "உங்களுக்கு நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள். "ஒண்ணும் வேணாம். பம்ப் ஒழுகுறத யார்கிட்டயும் சொல்லாத" என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். 

இப்போது பாதிரியார் வீட்டில் துவைக்கிறாள். வேறு பெயர். அதை இங்கே எழுதமாட்டேன்.

சரி. உன் கடிதத்தில் ஒரு பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. காய்ச்சல் எப்போது இறங்கியது என்று பபேனிடம் விசாரித்தேன். புதன்கிழமை மத்தியானமாம். கொய்னாவுக்கு அத்தனை நாள் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நீ அந்த மெழுகில் யார் பெயரைச் சொன்னாய்? கேட்காதே என்றால் கேட்காமல் இருக்க நான் மடத்துப் பிள்ளை இல்லை. செத்துப்போன யாராவது ஒருத்தர் பெயர் என்றால் சரி. அம்மா, அப்பா, யாரோ. அப்படித்தானே? ஆம் என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பு.

அந்தத் திட்டுக்குப் படகில் போகாதே. மதரிடம் தலைவலி என்று சொல். நடுவில் ஒரு இடம் இருக்கிறது என்றாயே, அங்கே நின்று சொல்.

கொரந்தன்

*

சென் லோரான்
20 மே 1891

அன்னிக் அக்காவுக்கு,

கப்பல் வந்துவிட்டது. உன் கடிதம் வரவில்லை.

துறைமுகத்தில் பேசிக்கொள்கிறார்கள். திட்டுக்குப் போன படகு கவிழ்ந்ததாம். கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் அசையாமல் இருந்ததாம். நோயாளிகள், துடுப்புக்காரர்கள் எல்லோரையும் தூக்கிவிட்டார்கள், கன்னியாஸ்திரீ ஒருவரை மட்டும் காணவில்லையாம். பெயர் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. உங்கள் இல்லத்தில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள்.

அசையாத கடலிலும் படகு கவிழும். பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் போதும். ஒரு நோயாளி எழுந்து நின்றிருப்பான். கம்பளி அங்கி நனைந்தால் ஈயம் மாதிரி கனக்கும். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. யார் கேட்டாலும் படம் போட்டு விளக்குவேன்.

நீ உன் பெயரைத்தானே சொன்னாய்?

அது செல்லாது, அக்கா. யோசித்துப் பார். மடத்தில் சேர்ந்த அன்றே அன்னிக் என்ற பெயரைக் கழற்றி வைத்துவிட்டாய். அங்கே எல்லோரும் கூப்பிடுவது வேறு பெயர். எந்தப் பெயரைச் சொன்னாய்? நான் கூப்பிடுகிற பெயரையா? அது உன்னுடையது மட்டுமல்ல, பாதி என்னுடையது. என்னைக் கேட்காமல் கொடுக்க உனக்கு உரிமை இல்லை.

லெபெர் கப்பலிலிருந்து நேராக இங்கே வந்தான். வழக்கமாக வாசலிலிருந்தே, "டேய் எண்ணெய்க் கை, ரம் இருக்கா?" என்று கத்துகிறவன். இன்றைக்குக் கத்தவில்லை. கரி போக முகத்தைக் கழுவி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். சன்னலை மெதுவாக மூன்று முறை தட்டினான். நம் தீவில் கடல் கொண்டுபோனவர்களின் வீட்டில்தான் அப்படித் தட்டுவார்கள் என்று உனக்குத் தெரியும். தட்டிவிட்டுச் சொல்ல ஒரு வாக்கியம் இருக்கிறது, ஞானத்தகப்பன் இல்லாத வீட்டில் ஊர்ப் பெரியவன் சொல்லலாம். அவன் வாயைத் திறந்ததுமே நான், "சொல்லாத லெபெர், சொன்னா மண்டைய உடைச்சிருவேன்" என்றேன்.

"தம்பி, கதவத் தொற."

"பூட்டு பழுது."

"உனக்கா பூட்டு பழுது? அவளுக்கு நீதான்டா செய்யணும். வேற யாரு இருக்கா? மெழுகு வாங்கிட்டு வந்திருக்கேன். எனக்கும் அவ பொண்ணு மாதிரிதான்."

"கடிதம் இருக்கா உன்கிட்ட?"

 சன்னல் கண்ணாடியில் அவன் மூச்சு படிவது தெரிகிறது.

நான் மெழுகைத் தொடமாட்டேன். எனக்கு நம்பிக்கை இல்லை என்பதால் என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும். அக்கரையில் ஒருத்தி வெயிலில் துணி உலர்த்துகிறாள். உயிரோடு இருப்பவளுக்கு மெழுகு வைத்தால் என்ன ஆகும் என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். நீ ஏதாவது கரையில் ஒதுங்கிக் கிடக்கலாம். மீனவன் குடிசையில் காய்ச்சலோடு படுத்திருக்கலாம். அந்த நேரத்தில் நான் பாசமாக உன் பெயரைச் சொல்லித் தொலைக்கக் கூடாது.

அதனால் கூப்பிடவில்லை. கடிதம்தான் எழுதுகிறேன்.

லெபெர் இன்னும் நிற்கிறான். வாசற்படியில் மழை பெய்த மாதிரி ஈரம். அவன் சட்டையிலிருந்து சொட்டியிருக்கும். ஆனால் சட்டை உலர்ந்துதான் இருக்கிறது. நான் நிமிர்ந்து பார்க்கப் போவதில்லை. இந்த வரியை முடித்துவிட்டு அடுத்த வரியை எழுதுவேன். கப்பல் நாளை திரும்புகிறது.

பதில் போடு.

கொரந்தன்